ஊருக்கு மின்நிலையம் வருகிறது என்றால் மாதர் சங்கம் எங்கே தொடங்குவது?

அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவில் பக்கத்தில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடற்கரையோரம் ஏதோ மின்சாரத் திட்டம் வரப்போகிறது என்று பேச்சு. ஆட்கள் வந்து காணி அளந்துகொண்டு போகிறார்கள். என்ன திட்டம் என்று ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை. கேட்டால் 'உங்களுக்குக் கரன்ட் வேண்டாமா' என்று வாயை அடைக்கிறார்கள். பெண்கள் சேர்ந்து இப்படி ஒன்றை நிறுத்தியது நம் பக்கம் எங்காவது நடந்திருக்கிறதா? சோலார், காற்றாலை என்றால் மறுபேச்சில்லாமல் ஏற்கத்தான் வேண்டுமா? நாங்கள் எங்கே தொடங்குவது?"

நம் பக்கத்தில் நடந்தது என்றால் முதலில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரைத்தான் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு ஆட்களுக்கு அது அயல் மாவட்டத்துக் கதை மட்டும் இல்லை. 2006 இல் சம்பூரும் மூதூர் கிழக்கும் யுத்தத்தில் காலியானபோது அந்தச் சனம் வெருகல், கதிரவெளி, வாகரை என்று நடந்து நடந்து நம்மிடம்தான் வந்து சேர்ந்தது. பிறகு திருகோணமலை மாவட்டத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆனால் ஊருக்குப் போக விடவில்லை. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களில் இருத்தினார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகியிருந்தது. அந்த வலயத்துக்குள் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்றைக் கட்டுவதற்கு இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல் மின் கழகமும் 2011 இல் ஒப்பந்தம் செய்தன. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு 818 ஏக்கர் கைத்தொழில் முதலீட்டுக்கு என்று ஒதுக்கப்பட்டது.

முகாமில் இருந்தவர்களிடம் வேறு இடத்தில் காணி தருகிறோம், வீடு தருகிறோம் என்றார்கள். சிலர் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது; தகரக் கூரைக்குக் கீழே எத்தனை வருடம்தான் பிள்ளைகளை வைத்திருப்பது? மற்றவர்கள் மாட்டோம் என்று அங்கேயே இருந்தார்கள். கணவரை யுத்தத்தில் இழந்து, குடும்பத்தைத் தனியே சுமந்துகொண்டிருந்த பெண்களும் அவர்களில் இருந்தார்கள். நிவாரணம் குறைந்தது, கூலி வேலை கிடைத்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை வந்தது. அப்போதும் மாற்றுக் காணிக்கு ஒப்பம் வைக்கவில்லை. 2015 இல் ஆட்சி மாறியபின் அந்த 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டு, குடும்பங்கள் ஊருக்குத் திரும்பத் தொடங்கின. நிலக்கரித் திட்டம் மட்டும் கைவிடப்படாமல் அப்படியே இருந்தது. திரும்பி வந்த சனமும் மூதூர், திருகோணமலைக் குடிமக்கள் அமைப்புகளும் வீதிக்கு வந்தார்கள். சுற்றாடல் அமைப்பொன்று உயர் நீதிமன்றம் போனது. 2016 செப்டெம்பரில், சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் கட்டப்படமாட்டாது என்று அரச தரப்பு அந்த நீதிமன்றத்துக்கு அறிவித்தது.

பெண்கள் மட்டும் நிறுத்தினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆட்சி மாற்றம், வழக்கு, இரண்டு நாடுகளுக்கு இடையிலான பேச்சு எல்லாம் அதில் சேர்ந்தே இருந்தன. ஆனால் முகாமில் இருந்த அத்தனை பேரும் மாற்றுக் காணிக்கு ஒப்பம் வைத்திருந்தால் அந்த ஊருக்காகப் பேச 2016 இல் ஆளே இருந்திருக்காது. வழக்குப் போட ஒரு சட்டத்தரணி போதும். அந்த வழக்குக்கு உயிர் கொடுக்க, காணியை விட மறுத்து வருடக்கணக்காக இருந்த குடும்பங்கள் வேண்டும். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட போராட்டங்களில் பெண்கள் செய்யும் பெரிய வேலை இதுதான். அது படத்திலும் வராது, செய்தியிலும் வராது.

இரண்டாவது யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். அங்கே அனல் மின்நிலையச் சூழலில் கழிவு எண்ணெய் நிலத்துக்குள் இறங்கி, கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வாளியை இழுத்து மேலே கொண்டுவந்தால் மணம் அடிக்கும், தேத்தண்ணியில் படலம் கட்டும். உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது: பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர்களுக்கு அந்த மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டு நீதிமன்றம் ஓர் அனல் மின்நிலைய விடயத்தில் இவ்வளவு தெளிவாகச் சொன்னது பெரிய விஷயம். ஆனால் அந்தப் பணம் கிணறுகளைப் பழைய கிணறுகளாக ஆக்கிவிடாது. வட பகுதியின் சுண்ணாம்புப் பாறைக்குள் எண்ணெய் இறங்கினால் அதைத் திருப்பி எடுப்பது மிகவும் கடினம். வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள நம் எழுவான்கரை மணலுக்குள் இறங்கினாலும் அதே கதிதான். எங்கள் கிணறுகள் ஆழம் குறைந்தவை. மேலே ஊற்றுவது கீழே போய்ச் சேர அதிக நாள் எடுக்காது.

மூன்றாவது நுரைச்சோலை. கற்பிட்டித் தீபகற்பத்தில் 900 மெகாவாட். நாட்டின் ஒரே நிலக்கரி மின்நிலையம். முதல் அலகு 2011 இல் ஓடத் தொடங்கியது, 2014 இல் மூன்றும் முடிந்தன. தென்மேல் பருவக்காற்று பலமாக வீசும் மாதங்களில் நிலக்கரித் தூசும் சாம்பலும் பக்கத்துக் கிராமங்களின் தோட்டங்களிலும் உடுப்புக் கொடிகளிலும் வந்து விழுவதாக அந்தச் சனம் வருடக்கணக்காகச் சொல்லிவருகிறது. உங்கள் ஊரில் கச்சான் காற்று வீசும் மாதங்களை நினைத்துப் பாருங்கள். அந்தக் காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் தூசைக் கொண்டுபோகும் என்பது உங்கள் வீட்டு முற்றம் கூட்டும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். திட்ட அறிக்கையில் காற்றுத் திசை பற்றி ஒரு அத்தியாயம் இருக்கும். அதை வாசித்து, இது சரி, இது பிழை என்று சொல்லும் தகுதி உங்களுக்கு இருக்கிறது. "நாங்கள் படிக்காத ஆட்கள்" என்று கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வசனத்தை இனி எந்தக் கூட்டத்திலும் சொல்ல வேண்டாம்.

நிலக்கரியைப் பற்றி இன்னும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் கூட்டங்களில் புகையைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். நிலக்கரிக்குள் மிகச் சிறிய அளவில் பாதரசம் இருக்கிறது. எரிக்கும்போது காற்றில் போய், மழையோடு நீர்நிலையில் இறங்கி, அங்கே நுண்ணுயிர்களால் இன்னும் நச்சான வடிவத்துக்கு மாறி மீனுக்குள் சேர்கிறது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அதன் அளவு கூடும். கர்ப்பிணித் தாய் அந்த மீனைச் சாப்பிட்டால் வயிற்றிலுள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சியைத் தாக்கும். சுமார் 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியையும் கிழக்குக் கடலையும் நம்பிச் சமைக்கிற வீடுகளுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. ஒரு தாய்க்கும் மருத்துவமாதுக்கும் நடக்கும் பேச்சில் இடம்பெற வேண்டிய விஷயம்.

சரி, "உங்களுக்குக் கரன்ட் வேண்டாமா?" என்ற கேள்விக்கு வருவோம். இதற்குக் கோபப்படாமல் கணக்கோடு பதில் சொல்லுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அது ஏன் வந்தது? எண்ணெய் வாங்க டொலர் இல்லாததால். மழை குறைந்து நீர்த்தேக்கங்கள் வற்றியதும் சேர்ந்துகொண்டது. நுரைச்சோலையில் எரியும் நிலக்கரி முழுவதும் கப்பலில் வருவது. டீசலும் அப்படியே. இறக்குமதி எரிபொருளில் நம்பிக்கை வைத்த நாடுதான் இருளில் இருந்தது. அதற்குப் பிறகு 2022 ஒகஸ்ட்டில் மின் கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதமும் கூடியது. குறைவாகப் பாவிக்கும் வீடுகளுக்குத்தான் அந்த அடி வீத அளவில் பெரிதாக விழுந்தது. மண்ணெண்ணெய் 2022 ஒகஸ்ட்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. வள்ளத்துக்கு எண்ணெய் அடிக்கும் வீடுகளில் அந்த மாதம் என்ன நடந்தது என்று பெண்களிடம் கேளுங்கள். நகை எங்கே போனது, எந்தப் பிள்ளையின் ரியூசன் நின்றது என்று சொல்வார்கள். கரன்ட் வேண்டும் என்று எல்லோரையும் விட அதிகம் சொல்பவர்கள் நாங்கள்தான். எப்படிப்பட்ட கரன்ட், யாருடைய செலவில் என்பதுதான் கேள்வி.

அதே 2022 இல் மட்டக்களப்புப் பெண்கள் நீதிக்கான நடைபயணம் என்று நாள்தோறும் மாலையில் பாட்டோடும் பதாகையோடும் நடந்தார்கள். விலைவாசி, கடன், காணாமல் ஆக்கப்பட்டோர், பொறுப்புக்கூறல் எல்லாம் ஒரே நடையில் வந்தன. மின் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது கட்டணத்தையும் கடனையும் தனித்தனியாக வைக்கத் தேவையில்லை என்று எனக்கு அதில் தெளிவானது. ஒரு அக்காவை "சுற்றாடல் கூட்டம்" என்று கூப்பிட்டால் வரமாட்டார். "கரன்ட் பில் பற்றிப் பேசுவோம்" என்றால் கொப்பியோடு வருவார். அங்கிருந்து நிலக்கரிக்கும் காணிக்கும் போவது சுலபம்.

இனி சோலார், காற்றாலை பற்றிய உங்கள் இரண்டாவது கேள்வி. இதில்தான் நான் கொஞ்சம் நேரம் எடுக்க விரும்புகிறேன். சோலாரும் காற்றாலையும் வேண்டும் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். நம் பக்கம் வெயிலுக்குக் குறைவில்லை. ஒரு கிலோவாட் பனல் நாளுக்குச் சராசரி 4 அலகு தரும், மாதம் 100க்கு மேல் வரும். வவுணதீவில் 10 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்குகிறது. புதிதாக நிலக்கரி மின்நிலையம் கட்டுவதில்லை என்று இலங்கை 2021 இல் ஐக்கிய நாடுகள் சபை அரங்கில் உறுதியும் கொடுத்தது. எல்லாம் நல்லது. ஆனால் அதே சம்பூரில், நிலக்கரிக்கு என்று எடுத்த இடத்தில்தான் 120 மெகாவாட் சூரிய மின்திட்டம் வருகிறது. 2025 ஏப்ரலில் இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுத் தலைவர்களும் அதை ஆரம்பித்து வைத்தார்கள். புகை இல்லை, சாம்பல் இல்லை. நிலக்கரியோடு பார்த்தால் ஆயிரம் மடங்கு நல்லது. ஆனாலும் ஒரு கேள்வி அப்படியே இருக்கிறது: 2006 இல் அந்த நிலத்தை விட்டு ஓடியவர்களிடம் யாராவது திரும்ப ஒருமுறை கேட்டார்களா?

திருகோணமலை முத்துநகரில் 2025 இல் விவசாயக் குடும்பங்கள் வயல் காணியை சூரிய மின்திட்டங்களுக்குக் கொடுப்பதை எதிர்த்து வீதியில் இருந்தார்கள். மன்னாரில் 30 காற்றாடிகளோடு தம்பபவனி காற்றாலை மின்நிலையம் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு மழைத் தண்ணீர் வடிந்தோடும் வழி அடைபட்டு வெள்ளம் கூடியதாகத் தீவுச் சனம் முறைப்பட்டது. வலசைப் பறவைகளின் பாதை என்று சூழலியலாளர்களும் எச்சரித்தார்கள். அங்கே இன்னும் காற்றாடி வேண்டாம் என்று 2025 இல் மீனவர்களும் பெண்களும் மதகுருமாரும் நாட்கணக்காகப் போராடினார்கள். இவர்களை "அபிவிருத்திக்கு எதிரானவர்கள்" என்று சொல்வது அநியாயம். காற்றுக்கு அவர்கள் எதிரி இல்லை. தங்களுடைய தீவில் எதை எங்கே நடுவது என்று தங்களிடம் கேட்கச் சொன்னார்கள்.

ஆகவே நிலக்கரிக்கு என்ன கேள்வி கேட்பீர்களோ அதே கேள்விகளை சோலாருக்கும் கேளுங்கள். காணி யாருடையது? இப்போது அதில் யார் என்ன செய்கிறார்கள்? தரையில் பனல் பதிக்க ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். 50 மெகாவாட் என்றால் 250 ஏக்கர் வரை. அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் "வெற்றுக் காணி" என்று கடதாசியில் எழுதப்படுவது பல இடங்களில் மேய்ச்சல் தரை, விறகு பொறுக்கும் பற்றைக்காடு, பன் பிடுங்கும் சதுப்பு, மாடு தண்ணீர் குடிக்கும் வில்லு. இவற்றில் பெண்களுக்கு உறுதி கிடையாது, அனுமதிப்பத்திரமும் கிடையாது. வாழ்க்கை மட்டும் இருக்கிறது. அதனால்தான் வரைபடத்தில் இடம் காலியாகத் தெரிகிறது. மாதவனை, மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காகப் பாற்பண்ணையாளர்கள் இருக்கும் போராட்டத்தைப் பார்த்த நமக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை.

மாற்று என்ன என்று கேட்பவருக்கு, நம் பெண்களின் வேலைகளோடு ஒட்டிய மாற்றுகளைச் சொல்லுங்கள். பாடசாலை, வைத்தியசாலை, நெற்சந்தைப்படுத்தும் சபைக் களஞ்சியம், சந்தைக் கட்டடம் என்று அரச கூரைகள் எவ்வளவு இருக்கின்றன! முதலில் அவற்றைப் பனலால் மூடட்டும், பிறகு மேய்ச்சல் தரைக்கு வரட்டும். வாகரைப் பக்கம் கச்சான், வெங்காயம், மரக்கறித் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் எண்ணெய்ப் பம்புகளைச் சூரியப் பம்புகளாக மாற்றலாம். பகல் வெயிலில் இறைத்துத் தொட்டியில் விட்டால் பற்றரி செலவே இல்லை. மீன் விற்கும் பெண்களுக்குப் பெரிய தலையிடி ஐஸ். இறங்குதுறையில் ஒரு சூரிய ஐஸ் அறை இருந்தால் மத்தியானம் வியாபாரிக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுக்கத் தேவையில்லை. கருவாடு காயவைக்கும் மூடிய உலர்த்திக்கு மோட்டார்கூட வேண்டாம், வெயில் போதும்.

வீட்டுக் கூரையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 2016 இல் சூரிய பல சங்கிராமம் என்று அரசு தொடங்கியபோது, கூரையிலிருந்து கொடுக்கும் அலகுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபா, பிறகு 15.50 ரூபா என்றார்கள். அதனால் நன்மை பெற்றவர்கள் முதலே பணம் போடக்கூடியவர்களும் பெரிய பில் வருபவர்களும்தான். மாதம் 50, 60 அலகு எரிக்கும் வீட்டுக்குத் தனியாக ஒரு தொகுதி கட்டுபடியாகாது. அந்த வீடுகள் சேர்ந்து ஒரு கூட்டுறவாகப் பொதுக் கூரையொன்றில் பங்கு வைத்தால்தான் வழி. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. கூட்டுறவுத் திணைக்களமும் இருக்கிறது. இதைக் கேட்டுப் போராடுவதும் போராட்டம்தான்.

இன்னொரு கஷ்டத்தையும் மறைக்காதீர்கள். சூரிய மின்சாரம் மத்தியானம் நிறைய வருகிறது, நமக்குத் தேவை இரவு ஏழு மணிக்கு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடியிருந்ததால் பகலில் மின்சாரம் கூடிப்போய், கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்டது. ஆகவே "சோலார் போடுங்கள்" என்று மட்டும் சொன்னால் ஒரு பொறியியலாளர் எழும்பி உங்களைச் சுலபமாக மடக்கிவிடுவார். "பற்றரிச் சேமிப்போடு போடுங்கள், பகல் கரன்டை நாங்கள் பாவிக்கும் வேலைகளுக்குக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள்.

இதைப் பராமரிக்க ஆள் வேண்டுமே என்பார்கள். ராஜஸ்தானின் திலோனியாவில் உள்ள வெறுங்கால் கல்லூரி எழுத வாசிக்க அதிகம் தெரியாத கிராமத்துப் பெண்களுக்கே ஆறு மாதப் பயிற்சியில் சூரிய விளக்குத் தொகுதிகளைப் பூட்டவும் திருத்தவும் கற்றுக் கொடுத்திருக்கிறது. பல நாடுகளிலிருந்து பாட்டிமார் போய்ப் படித்து வந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் உயர்தரம் வரை படித்தவர்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் சோலார் பூட்டும் பாடநெறிக்குப் பெண் பிள்ளைகளையும் எடுங்கள் என்று மாவட்டக் கூட்டத்தில் கேட்க வேண்டும்.

அப்புறம், நம் சமையலறை. விறகுப் புகையும் எரிசக்தி மாசுதான். வீட்டுக்குள் இருக்கும் காற்று மாசினால் 2020 இல் உலகம் முழுவதும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. காஸ் விலை ஏறிய காலத்தில் நம் பெண்கள் பலர் மறுபடி மூன்று கல் அடுப்புக்குப் போனார்கள். இரண்டு பானை வைக்கும் அனகி மண் அடுப்பு விறகைக் குறைக்கும். நம் ஊர்க் குயவரே செய்யலாம். மின்நிலையப் போராட்டத்துக்கு நடுவில் இது எதற்கு என்று சிலர் கேட்பார்கள். எங்கள் நுரையீரலுக்கு எந்தப் புகை எந்தத் திட்டத்திலிருந்து வந்தது என்று தெரியாது.

கடனைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. "பெண்களுக்குச் சோலார்" என்று சொல்லிக்கொண்டு வாராந்தம் கட்டும் நுண்கடன் யாராவது கொண்டுவந்தால் சங்கத்தில் அனுமதிக்காதீர்கள். நுண்கடன் நம் மாவட்டங்களில் குடும்பங்களை என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் சிறு கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018 இல் அரசே முன்வர வேண்டியிருந்தது. பசுமை என்று பெயர் வைத்தாலும் வட்டி வட்டிதான்.

போராட்டத்தின் விலையையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் இடிந்தகரைப் பெண்கள் கூடங்குளம் அணு மின்நிலையத்தை எதிர்த்து 2011 இலிருந்து தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குப் போடப்பட்டது. வெளிநாட்டுப் பணம் என்று பழி சொன்னார்கள். மின்நிலையம் 2013 இல் ஓடத் தொடங்கியது. எல்லாப் போராட்டமும் சம்பூரைப் போல முடியாது. நம் பக்கம் முன்னுக்கு நிற்கும் பெண்ணின் நடத்தையைத்தான் முதலில் பேசுவார்கள். யாரோ வந்து வீட்டு விலாசம் கேட்பார்கள், கணவரிடமோ அண்ணனிடமோ "தங்கச்சியை அடக்கி வையுங்கள்" என்பார்கள். அதனால் ஒருவரை மட்டும் முகமாக வைக்காதீர்கள். கடிதங்களில் சங்கத்தின் பெயர், கீழே பலரின் ஒப்பம். அலுவலகத்துக்கு மூன்று பேருக்குக் குறையாமல் போங்கள். வீட்டு ஆண்களுடன் முதலே பேசுங்கள். மீனவர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் உங்களோடு நிற்பது பெரிய பாதுகாப்பு. பக்கத்து முஸ்லிம் ஊர்ப் பெண்களையும் சிங்கள ஊர்ப் பெண்களையும் தொடக்கத்திலேயே கூப்பிடுங்கள், பிரச்சினை வந்த பிறகு அல்ல. அம்பாறையில் இதைத் தவிர்த்துவிட்டு ஒன்றும் வெல்லாது. பாணமையில் 2010 இல் ஆயுதத்தோடு வந்தவர்கள் குடும்பங்களை விரட்டிக் காணியைப் பிடித்தார்கள். அதில் 340 ஏக்கரைத் திருப்பிக் கொடுக்க 2015 இல் அமைச்சரவை முடிவெடுக்கும்வரை அந்த ஊர்ப் பெண்கள் விடவில்லை. அவர்களிடம் போய்க் கேட்டால் ஒரு நாள் முழுக்கச் சொல்லித் தருவார்கள். உங்கள் திருக்கோவிலில் இல்மனைட் அகழ்வை எதிர்த்து நின்றவர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

இனி எங்கே தொடங்குவது என்பது. நாளைக்கே செய்யக்கூடியதிலிருந்து சொல்கிறேன்.

முதலாவது, ஒரு சி.ஆர். கொப்பி. காணி அளக்க வந்த திகதி, வாகன இலக்கம், என்ன சொன்னார்கள், யார் கூட வந்தார்கள். அதோடு இப்போதைய நிலைமை: எந்தக் கிணற்றில் எத்தனை வீடு தண்ணீர் அள்ளுகிறது, தண்ணீர் எந்த மாதம் வற்றும், கரைவலை எங்கே இழுக்கிறார்கள், மாடு எங்கே மேய்கிறது. சில கிணறுகளின் தண்ணீரைத் திட்டம் வருவதற்கு முன்பே பரிசோதித்து அறிக்கையை வைத்திருங்கள். சுன்னாகம் போன்ற இடங்களில் "முன்பே தண்ணீர் அப்படித்தான் இருந்தது" என்று எதிர்த்தரப்புச் சொல்ல முடியாமல் செய்வது இந்தக் கடதாசிதான். பொதுச் சுகாதார பரிசோதகரைக் கேட்டால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்.

இரண்டாவது, ஒப்பம். கூட்டத்துக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, வருகைப் பதிவில் வாங்கும் ஒப்பம் பிறகு சம்மதப் பட்டியலாக மாறுவதுண்டு. பெயருக்குப் பக்கத்தில் "கூட்டத்துக்கு வந்தேன், சம்மதம் தெரிவிக்கவில்லை" என்று எழுதி ஒப்பம் வையுங்கள். தலைப்பு எழுதப்படாத தாளில் ஒருபோதும் வைக்க வேண்டாம்.

மூன்றாவது, திட்டம் எத்தனை மெகாவாட் என்று கண்டுபிடியுங்கள். அந்த ஒரு இலக்கத்தில் சட்டமே மாறுகிறது. 1993 ஜூன் வர்த்தமானியின்படி 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட அனல் மின்நிலையமும், 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதுப்பிக்கத்தக்க மின்நிலையமும் சுற்றாடல் அனுமதி நடைமுறைக்குள் வரவேண்டும். அதற்குக் குறைந்தாலும், காட்டு ஒதுக்கத்தின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் வருவதுபோன்ற உணர்திறன் மிக்க இடமாக இருந்தால் வரவேண்டும். கடலோரம் 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. ஒரே இடத்தில் பத்துப் பத்து மெகாவாட்டாகப் பல பெயர்களில் வந்தால் உடனே எழுத்தில் ஆட்சேபியுங்கள். முழுச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றால் அறிக்கை தமிழிலும் இருக்க வேண்டும். பத்திரிகை அறிவித்தலிலிருந்து 30 நாள் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். அந்த 30 நாளைத் தவறவிட்டால் பிறகு வழக்கு ஒன்றுதான் மிஞ்சும். அடிப்படை உரிமை வழக்குக்கு மீறல் நடந்ததிலிருந்து ஒரு மாதம்தான் காலம். ஆகவே வாராவாரம் பிரதேச செயலக அறிவித்தல் பலகையைப் பார்க்க இரண்டு பேரைப் பொறுப்பாக வையுங்கள்.

நான்காவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "திட்டம் பற்றிய எல்லா விபரமும் தாருங்கள்" என்று எழுதினால் "தகவல் இல்லை" என்று பதில் வரும். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பிரதேச செயலகத்துக்கு இப்படி எழுதலாம்:

"எமது கிராம சேவகர் பிரிவில் மின் உற்பத்தித் திட்டமொன்றுக்காகக் காணி கோரிப் பெறப்பட்ட விண்ணப்பங்களின் பிரதி, விண்ணப்பித்த நிறுவனத்தின் பெயர், திட்டத்தின் மெகாவாட் அளவும் எரிபொருள் வகையும், கோரப்பட்ட காணியின் வரைபடமும் ஏக்கர் அளவும், அந்தக் காணியின் தற்போதைய பாவனை பற்றி உங்கள் அலுவலகம் அனுப்பிய கள அறிக்கையின் பிரதி, இது பற்றி மத்திய சுற்றாடல் அதிகாரசபை, நிலைபெறுதகு வலு அதிகாரசபை, மின்சார சபை ஆகியவற்றோடு நடந்த கடிதப் போக்குவரத்தின் பிரதிகள், பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் இது பேசப்பட்ட கூட்டங்களின் அறிக்கைகள்."

இதையே மாவட்டச் செயலகத்துக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். மூன்று இடத்துப் பதிலும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதுண்டு, அந்த வித்தியாசத்தில்தான் பல உண்மைகள் வெளியே வரும். கள அறிக்கையில் காணியின் பாவனை என்று என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். "பாவனையற்றது" என்று இருந்தால், அந்த இடத்தில் விறகு எடுப்பவர்கள், மாடு மேய்ப்பவர்கள், வலை காயவைப்பவர்கள் எல்லோரையும் கூட்டி, ஆளுக்கொரு சத்தியக் கடதாசி எழுதி, சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுப் பற்றுச்சீட்டைச் சி.ஆர். கொப்பியில் ஒட்டி வையுங்கள். பதில் வந்ததும் எழுதுங்கள். அடுத்து என்ன செய்வது என்று மெகாவாட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.